காலுக்குப் பிறகுதான் காலணி

(கோவில்பட்டியில், நடனம் பயிலும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பரதநாட்டிய வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் தாய்மார்கள் வந்திருக்கிறீர்கள். பள்ளிக்கூடங்களில் ஆட்டம் சொல்லித்தரும் ஆசிரியர்கள் வந்திருக்கிறீர்கள். தேவராட்டம் ஆடுகிறவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பதும் தெரிகிறது. கால் நோகிறது என்று வருகிறவர்களைப் பார்த்துப் பயிற்சி சொல்லி அனுப்புவது என் தொழில். ஹாக்கி ஆடுகிற பையன்களும் வருவார்கள், சலங்கை கட்டுகிற பிள்ளைகளும் வருவார்கள்.

கொஞ்ச காலமாக ஒரு கேள்வியை அடிக்கடி கேட்கிறேன். “மகள் கைபேசியில் பாலே பார்த்துவிட்டு, விரல் நுனியில் நிற்கப் பழகப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அந்த ஷூவை ஆன்லைனில் வாங்கித் தரலாமா?”

இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டால் அந்தப் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு, சாதாரண கான்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு விரலில் ஏறிப் பார்ப்பாள். ஆகவே ஏன் வேண்டாம், எப்போது வேண்டும், அதுவரை என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றையும் இன்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் இந்த ஷூவைப் பாருங்கள். சென்னையில் பாலே பயிலும் ஒருவர் உபயோகித்து முடித்தது. நெடுக வெட்டிப் பிரித்து வைத்திருக்கிறேன். இதற்குப் பாயின்ட் ஷூ என்று பெயர். உள்ளே மரக்கட்டை இருக்கிறது, இரும்புத் தகடு இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் இல்லை. விரல்களைச் சுற்றியுள்ள இந்தக் கெட்டியான கூடு, துணியையும் காகிதத்தையும் பசை தடவி அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்தது. உள்ளங்காலுக்குக் கீழே ஓடும் இந்த விறைப்பான பட்டை தோலும் அட்டையும். மேலே பளபளப்புக்கு சாட்டின் துணி, கணுக்காலில் கட்ட நாடா. அவ்வளவுதான். வியர்வையும் சூடும் பட்டால் இந்தப் பசை இளகிவிடும். பெரிய பாலே கம்பெனிகளில் முக்கிய வேடம் ஆடுகிறவர்களுக்கு ஒரே இரவு நிகழ்ச்சியில் ஒரு ஜோடி தீர்ந்துபோவது உண்டு.

நுனியில் தட்டையாக இருக்கும் இந்த இடத்தைக் கவனியுங்கள். நம் ஊர்த் தீப்பெட்டியின் மேல்பக்கத்தைவிடச் சிறியது. ஒற்றைக்காலில் ஏறினால் உடம்பின் எடை முழுவதும் இதன்மேல்தான். ஷூ காலைத் தூக்கி நிறுத்தும் என்று நம்பி ஏறுகிற பிள்ளை இதற்குள் சரிந்து உட்கார்ந்துவிடும். விரல்கள் மடங்கும், கணுக்கால் வெளிப்பக்கம் சாயும். தூக்கி நிறுத்த வேண்டியது பாதமும் கெண்டைக்காலும் தொடையும் வயிறும் முதுகும். ஷூ அந்த வேலைக்கு ஒரு சின்னத் துணை.

இதற்குச் சரித்திரமே சாட்சி. 1832இல் பாரிஸில் ‘லா சில்ஃபீட்’ என்ற பாலே அரங்கேறியது. மரீ தாலியோனி என்ற நடனக்காரி அதில் விரல் நுனியில் நின்று ஆடியதை ஐரோப்பாவே பேசியது. அவருக்கு முன்பும் சிலர் ஒரு கணம் நுனியில் நின்று காட்டியிருக்கிறார்கள். ஆனால் அதை வித்தையாக இல்லாமல் ஆட்டமாகவே ஆக்கியவர் என்று தாலியோனியைச் சொல்வார்கள். அவர் காலில் இருந்தது இந்தக் கெட்டியான கூடு அல்ல. மெல்லிய சாட்டின் செருப்பு. நுனியிலும் ஓரத்திலும் ஊசி நூலால் நெருக்கமாகத் தைத்துக் கொஞ்சம் விறைப்பாக்கியிருந்தார்கள். அப்படியானால் அவரைத் தாங்கியது எது? வியன்னாவில் முதல் மேடைக்கு முன்பு, தகப்பனார் பிலிப்போ ஆறு மாதம் அவரைப் பிழிந்தெடுத்தார். நாளுக்கு ஆறு மணி நேரம். ஒவ்வொரு நிலையிலும் நூறு எண்ணும்வரை அசையாமல் நிற்க வேண்டும். கால் முதலில் வந்தது. விறைப்பான ஷூ அதற்குப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, இத்தாலிய நடனக்காரிகளின் காலத்தில்தான் வந்தது.

இதே காலத்தில் நம் பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது? இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற எட்டயபுரத்தில் 1835இல் முத்துசுவாமி தீட்சிதர் காலமானார். அவரிடம் இசை பயின்றவர்கள் தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் கச்சேரி முறையை ஒழுங்குபடுத்தியவர்கள் என்று அவர்களைத்தான் நாட்டிய உலகம் வணங்குகிறது. தட்டடவு, நாட்டடவு, குதித்து மெட்டடவு என்று சின்னதிலிருந்து பெரியதுக்கு ஏறும் பயிற்சி வரிசையும் அந்தப் பரம்பரை வழியாகத்தான் நம் பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது. பாரிஸில் கால் மேலே ஏறிக்கொண்டிருந்த அதே பத்தாண்டில், தஞ்சாவூர் மரபில் கால் தரையைத் தட்டப் பழகிக்கொண்டிருந்தது.

இரண்டும் ஒருமுறை நேருக்கு நேர் சந்தித்தன. 1838இல் கடலூருக்கு அருகிலுள்ள திருவந்திபுரத்திலிருந்து தேவதாசிகள் சிலரும் இசைக்காரர்களும் பாரிஸ் போய் ஆடினார்கள். அவர்களில் அம்மணி என்ற பெண்ணை பிரெஞ்சுக் கவிஞர் தியோஃபில் கோத்தியே விரிவாக எழுதிப் புகழ்ந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து ‘ஜிசெல்’ என்ற புகழ்பெற்ற பாலேயின் கதையை எழுதியவர்களில் அவரும் ஒருவர். ழான் ஓகுஸ்த் பார் என்ற சிற்பி 1837இல் தாலியோனிக்கு ஒரு சிறிய சிலை செய்தார். மறு ஆண்டு அம்மணிக்கும் செய்தார். ஒரே சிற்பியின் கைக்கு நுனிக்காலும் வந்தது, வெறுங்காலும் வந்தது.

பிறகு ருக்மிணி தேவி. 1904இல் மதுரையில் பிறந்தவர். 1920களின் கடைசியில் ரஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தில் மயங்கி, அவர் குழுவில் இருந்த கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றார். உன் நாட்டு ஆட்டத்தைத் தேடிப் போ என்று பாவ்லோவா சொன்னதும், அவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவியாகச் சேர்ந்ததும், 1936இல் கலாக்ஷேத்திரம் தோன்றியதும் நீங்கள் அறிந்ததே. இங்கே அதை நினைவூட்டுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பாலேயின் பாடம் தெரிந்தவர் என்பதற்காகப் பிள்ளையவர்கள் அவரை நேராக வர்ணத்துக்கு அழைத்துப் போய்விடவில்லை. அடவிலிருந்துதான் தொடங்கினார். ஒரு ஆட்டத்தில் தேர்ந்த கால் இன்னொரு ஆட்டத்துக்கு முதல்நாள் மாணவிதான். பரதத்தில் அரங்கேற்றம் முடித்த பெண் பாயின்ட் ஷூவுக்குத் தயார் என்று நினைக்கிறவர்களும் இதை யோசிக்க வேண்டும்.

இனி காலுக்குள் போவோம்.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். அவற்றை வளைவாகக் கட்டி வைத்திருப்பவை நார்களும் தசைகளும். நுனியில் நிற்கும்போது மூன்று இடங்களுக்கு வேலை அதிகம். முதலாவது, உள்ளங்காலுக்குள் இருக்கும் சிறு தசைகள். விரல்களை மடங்கவிடாமல் நீட்டி வைத்துக்கொண்டே வளைவைத் தாங்குபவை இவை. இரண்டாவது, கணுக்காலின் உட்புறம் பின்பக்கமாக இறங்கிப் பெருவிரலுக்குப் போகும் நீண்ட தசைநாண். பாலே ஆடுகிறவர்களுக்கு அது அடிக்கடி வீங்கும். ஆகவே மருத்துவர்கள் அந்த வீக்கத்துக்கு நடனக்காரரின் தசைநாண் அழற்சி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மூன்றாவது, கணுக்காலின் இருபுறமும் அதைச் சாயவிடாமல் பிடிக்கும் தசைகள். வெளிப்பக்கத்துத் தசை சோர்ந்தால் கால் பிசகும். அளவுக்கு மீறி உழைத்தால் இரண்டாவது விரலுக்குப் பின்னால் உள்ள நீண்ட எலும்பில் மயிரிழை விரிசல் விழும்.

வளருகிற வயதில் இன்னொரு சங்கடம். பெண்பிள்ளைகள் பதினொன்று, பன்னிரண்டு வயது வாக்கில் சடசடவென்று உயரும்போது எலும்பு முன்னே ஓடும், தசை பின்னே வரும். நேற்றுவரை நன்றாக நின்ற பிள்ளை இன்று தள்ளாடும். அது சோம்பல் அல்ல, வளர்ச்சி. அந்த மாதங்களில் புதிய பாரத்தை ஏற்றக் கூடாது.

அப்படியானால் எந்த வயது? பன்னாட்டு நடன மருத்துவ அறிவியல் சங்கம் 2009இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. பன்னிரண்டு வயதுக்கு முன் வேண்டாம். வயிறும் இடுப்பும் காலும் பலவீனமாக இருந்தால் பலப்படுத்திவிட்டு வரட்டும். கணுக்கால் அளவுக்கு மீறி வளைகிற பிள்ளைக்கு இன்னும் தாமதிக்கலாம். வாரம் ஒரு வகுப்புக்கு மட்டும் வருகிறவர்களுக்கு வேண்டவே வேண்டாம். எட்டு வயதிலோ அதற்குப் பிறகோ பாலே தொடங்கி, வாரம் இரண்டு வகுப்பு வந்து, உடல் பலமும் சரியாக இருந்தால் நான்காம் ஆண்டில் பாயின்ட் தொடங்கலாம். அதன் சாரம் இதுதான்.

இதைப் படித்தபோது எனக்கு மாதவி நினைவுக்கு வந்தாள். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ஐந்து வயதில் பயிற்சி தொடங்குகிறது, ஏழு ஆண்டுகள் நடக்கிறது, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன்னால் அரங்கேற்றம். அவள் ஆடிய பதினொரு ஆடல்களில் ஒன்று மரக்கால். அசுரர்கள் ஏவிய பாம்பையும் தேளையும் கொற்றவை மரக்காலில் ஏறி நின்று மிதித்த கதை அது. இன்றைய பொய்க்கால் குதிரைக்கு அதை மூதாதையாகச் சொல்வார்கள். தரையை விட்டு உயர்ந்து ஆடும் ஆசை நமக்குப் புதிதல்ல. அதற்கு ஏழு ஆண்டு உழைக்க வேண்டும் என்கிற கணக்கும் புதிதல்ல. இன்று பிள்ளையைச் சேர்த்து, அடுத்த ஆண்டுவிழாவுக்கு நுனிக்காலில் நிறுத்தச் சொல்கிற நம் அவசரம்தான் புதிது.

ஆனால் வயதை மட்டும் பார்த்து ஷூவைக் கொடுத்துவிடவும் முடியாது. பதினான்கு வயதிலும் தயாராகாத கால் உண்டு. தயாரா என்று தெரிந்துகொள்ளச் சில சோதனைகள் இருக்கின்றன. முன்வரிசையில் இருக்கிற இந்தப் பாப்பா மேடைக்கு வரட்டும். பயப்படாதே தாயி, பரீட்சை இல்லை.

முதல் சோதனை: தரையில் உட்கார்ந்து காலை நீட்டிப் பாதத்தைக் கீழ்நோக்கி நன்றாக நீட்டு. முழங்காலுக்குக் கீழுள்ள முன்னெலும்பின் மேல் ஒரு பென்சிலை வைத்தால், அது பாதத்தின் மேற்புறத்தோடு ஒரே கோடாகப் படுக்க வேண்டும். பாதம் முட்டிக்கொண்டு பென்சில் தூக்கினால் ஷூவின் நுனியில் அந்தக் கால் முழுதாக ஏறாது. பாதியில் நின்று பின்பக்கம் சாயும்.

இரண்டாவது: ஒற்றைக்காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்கு. இருபது தடவைக்கு மேல், உயரம் குறையாமல், முழங்கால் மடங்காமல் வர வேண்டும். பார்க்கிறீர்களா, பன்னிரண்டாவது தடவையில் குதிகால் பாதி உயரத்துக்கு வந்துவிட்டது. பதினைந்தில் உடம்பு முன்னால் சாய்கிறது. இந்தப் பிள்ளை இரண்டு வருடமாக நாட்டியம் ஆடுகிறது, நன்றாகவே ஆடுகிறது. ஆனாலும் இந்தத் தசைக்கு இன்னும் வேலை இருக்கிறது. சபாஷ், கை தட்டுங்கள்.

மூன்றாவது: ஒற்றைக்காலில் நின்று, மற்றக் காலைப் பின்னால் நீட்டி, உடம்பை முன்னால் சாய்த்து, கைகளை விமானம்போல் விரிப்பது. நிற்கும் காலை மடக்கிக் கையைத் தரையில் தொட்டு எழ வேண்டும். ஐந்தில் நான்கு தடவையாவது முழங்கால் உள்ளே விழாமல், இரண்டாவது விரலுக்கு நேராக இருக்க வேண்டும். நான்காவது: அதே ஒற்றைக்காலில் பதினாறு குதி. பாதம் காற்றில் நீண்டு, தரையில் விரலிலிருந்து குதிகாலுக்கு உருண்டு இறங்குகிற குதி பாதியாவது இருக்க வேண்டும். இடுப்பு ஆடக் கூடாது. ஐந்தாவது: அரை நுனியில், அதாவது குதிகாலைத் தூக்கிப் பாதத்தின் முன்பகுதியில், ஒரு சுற்றுச் சுற்றிச் சாயாமல் நிற்பது.

இவற்றில் தேறாவிட்டால் கவலை இல்லை. அடுத்த ஆறு மாதத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை இந்தச் சோதனைகளே காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

பயிற்சிக்கு வருகிறேன். பத்துப் பதினைந்து நிமிடம் போதும், வாரத்தில் நான்கைந்து நாள். வெறுங்காலோடு, வீட்டுக்குள்ளேயே.

நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் பதித்துக்கொள்ளுங்கள். விரல்களை மடக்காமல், பெருவிரலின் அடிப்பாகத்தைக் குதிகாலை நோக்கி இழுங்கள். உள்ளங்கால் வளைவு கொஞ்சம் எழும். ஐந்து எண்ணி விடுங்கள். காலுக்குப் பத்துத் தடவை. முதல் வாரம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். விரல்கள்தான் தரையைப் பிறாண்டும். பெருவிரலின் அடியிலும் சுண்டுவிரலின் அடியிலும் கையால் லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டால் பிடிபடும். ஷூவுக்குள் விரல் மடங்காமல் நிற்பதற்கு இதைவிட நேரான பாடம் கிடையாது.

அடுத்தது, நான்கு விரலையும் தரையில் வைத்துப் பெருவிரலை மட்டும் தூக்குவது. பிறகு பெருவிரலை வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் தூக்குவது. இங்கேயே முயன்று பாருங்கள். பாதிப் பேருக்கு வராது, சிரிப்பு வரும்.

மூன்றாவதாக, குதிகால் தூக்குதல். சுவரையோ ஜன்னல் கம்பியையோ லேசாகத் தொட்டுக்கொண்டு இரண்டு கணுக்காலுக்கும் நடுவே ஒரு டென்னிஸ் பந்தை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு எண்ணி ஏறி, நான்கு எண்ணி இறங்க வேண்டும். பந்து விழுந்தால் கணுக்கால் வெளியே சாய்கிறது என்று அர்த்தம். எடை பெருவிரலுக்கும் இரண்டாவது விரலுக்கும் நடுவில் இருக்கட்டும். ஏறுவதைவிட இறங்குவதில்தான் பலம் சேர்கிறது. தொப்பென்று விழுகிற குதிகால் பாதிப் பயிற்சியை வீணாக்குகிறது. இரண்டு காலில் இருபத்தைந்து சுலபமான பிறகு ஒற்றைக்காலுக்குப் போகலாம்.

நான்காவது, ரப்பர் பட்டை. பாதத்தில் மாட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, முதலில் கணுக்காலை நீட்டி, அப்புறம் விரலை நீட்டி, திரும்பும்போது விரலை முதலில் எடுத்துக் கணுக்காலைக் கடைசியில் மடக்குங்கள். பட்டையை ஒரு மேசைக்காலில் கட்டிப் பாதத்தை வெளிப்பக்கமாகத் தள்ளினால் பிசகைத் தடுக்கும் தசை பலப்படும்.

ஐந்தாவது, கண்ணை மூடி ஒற்றைக்காலில் முப்பது வினாடி. ஆறாவது, வயிறும் இடுப்பும். மல்லாக்கப் படுத்து இடுப்பைத் தூக்கி நிறுத்துவது, முழங்கை ஊன்றிப் பலகைபோல் நிற்பது. நுனிக்காலில் சாய்கிற பிள்ளைகளில் பலருக்குக் குறை காலில் இல்லை, இடுப்பில் இருக்கிறது.

பரதம் பயிலும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அரைமண்டியிலேயே பாதிப் பாடம் இருக்கிறது, தொடை இடுப்பிலிருந்து திரும்பினால். பாதத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்பிவிட்டு முழங்காலை முன்னால் விட்டால் அது முழங்காலுக்கு வினை. பாலேயிலும் அதே விதிதான். குதித்து மெட்டடவில் பாதத்தின் முன்பகுதியில் குதித்து நின்று குதிகாலைத் தட்டுகிறீர்களே, அந்த ஒரு கணம் அரை நுனி. அதில் கணுக்கால் நேராக இருக்கிறதா என்று ஆசிரியர் பக்கத்தில் குனிந்து பார்க்க வேண்டும். பாலே ஆசிரியர்கள் முதல் நாளிலிருந்து பார்ப்பதும் அதைத்தான். தரையையும் பார்க்க வேண்டும். பாலே கூடங்களில் அடியில் இடைவெளி விட்ட மரத்தளம் போடுகிறார்கள், குதிக்கும்போது கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்க. நாம் சிமென்ட் தளத்திலும் டைல்ஸ் மேலும் தட்டடவு போட வைக்கிறோம். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கிறது என்று வருகிற பிள்ளைகளிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, வகுப்பில் என்ன தரை என்பதுதான்.

கரிசல் காட்டுக்காரர்களாகிய நமக்குச் சில சாதகங்கள் உண்டு. மணிப்பாலில் ராவ், ஜோசப் என்ற இரண்டு மருத்துவர்கள் 2,300 பிள்ளைகளின் பாதத்தை ஆராய்ந்து 1992இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். செருப்பு, ஷூ அணியும் பிள்ளைகளில் நூற்றுக்கு 8.6 பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு திரிகிற பிள்ளைகளில் 2.8 பேருக்குத்தான். வெறுங்கால் தரையைப் பிடித்து நடக்கும்போது உள்ளங்காலின் சிறு தசைகள் உழைக்கின்றன. வெடிப்பு விழுந்த கரிசலிலும் வரப்பிலும் நடந்த நம் பாட்டிமார் பாதத்தைப் பாருங்கள். ஒவ்வொரு விரலும் தனித்தனியாகப் பிரிந்திருக்கும். அதற்காக வேலிக்கருவை முள்ளுக்குள் பிள்ளையை வெறுங்காலோடு விடுங்கள் என்று சொல்லவில்லை. எல்கேஜியிலிருந்து ஷூவுக்குள் கட்டி வைக்கிறோம். வீட்டுக்குள்ளும் முற்றத்திலுமாவது கழற்றி விடுங்கள்.

தேவராட்டமும் நமக்கு ஒரு பள்ளிக்கூடம். நம் மாவட்டத்து ஜமீன் கோடாங்கிபட்டியின் பெயரே தேவராட்டத்தோடு சேர்ந்துதான் வெளியே தெரியும். ராஜகம்பளத்து நாயக்கர்களின் ஆட்டம். பாட்டு கிடையாது. தேவதுந்துபி அடிக்கிறது, கையில் துணி, காலில் சலங்கை, மண்தரை. முன்னால் ஆடுகிறவரைப் பார்த்து வரிசை ஆடுகிறது. அடி மெதுவாகத் தொடங்கி மெல்ல மெல்ல வேகம் கூடுகிறது. சின்னப் பையன் வரிசையின் கடைசியில் நின்று, வந்த அடியை ஆடி, வராத அடிக்கு நின்று பார்த்துப் பழகுகிறான். பாரத்தையும் வேகத்தையும் படிப்படியாகக் கூட்ட வேண்டும் என்று விளையாட்டு மருத்துவம் இன்று சொல்கிறது. அந்த வரிசையில் அது நடந்துகொண்டே இருக்கிறது. கரகாட்டமும் அப்படித்தான். தலையில் கரகம் அசையாமல் இருக்கக் கழுத்து மட்டும் போதாது. கீழே கணுக்காலும் முழங்காலும் நெகிழ்ந்து கொடுக்க வேண்டும்.

ஹாக்கியைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். 2022இல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் நம் ஊர்க்காரர். அந்த உயரத்துக்குப் போனவர்கள் யாரும் மட்டையை வாங்கிய மாதமே போட்டிக்குப் போனவர்கள் இல்லை என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஹாக்கியில் நமக்கு இருக்கிற பொறுமை, நாட்டியத்தில் மட்டும் காணாமல்போகிறது.

ஆனால் ஒன்று. வெறுங்காலும் தேவராட்டமும் பலம் தரும், பாயின்ட் தராது. அது தனிக் கலை. அதற்குப் பாலே தெரிந்த ஆசிரியர் கண்முன் நின்று சொல்லித்தர வேண்டும். முதல் மாதங்களில் வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் மட்டும்தான் ஷூ. சுவரோரக் கைப்பிடிக் கம்பியைப் பார்த்து நின்று, இரண்டு கையாலும் பிடித்து, இரண்டு காலில் அரை நுனி வழியாக ஏறி அதே வழியாக இறங்குவதுதான் பாடம். ஒற்றைக்கால் பிறகு. கம்பியை விடுவது அதற்கும் பிறகு. கொப்புளமும் தோல் உரிவதும் வரும், ஆறும். ஆனால் கணுக்காலின் பின்பக்க வலி, ஓர் எலும்பின்மேல் விரல் வைத்தால் சுரீர் என்கிற வலி, காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது வருகிற வலி, இந்த மூன்றும் வந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு ஆடுவது வீரம் இல்லை.

ஷூ வாங்குவதைப் பற்றி. வளருகிற பிள்ளை, இரண்டு நம்பர் பெரிதாக வாங்கினால் அடுத்த வருடமும் ஆகும் என்பது நம் வீட்டுக் கணக்கு. பள்ளிக்கூட ஷூவுக்கே அது சரியில்லை. பாயின்ட் ஷூவுக்கு ஆபத்து. பாதம் உள்ளே வழுக்கி விரலில் போய் இடிக்கும். நின்றபடியும் நுனியில் ஏறியபடியும் போட்டுப் பார்த்து, தெரிந்தவர் விரலால் அழுத்திச் சரிபார்த்துத்தான் வாங்க வேண்டும். படம் பார்த்து ஆன்லைனில் வாங்கும் பொருள் இல்லை இது. அண்ணன் மகளின் பழைய ஷூவும் ஆகாது. அது அவள் பாதத்துக்கு வளைந்தது.

இவ்வளவும் கேட்டுவிட்டு, கோவில்பட்டியில் பாலே எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். மும்பையில் ஒரு வெல்டரின் மகனும் ஒரு டாக்சி ஓட்டுநரின் மகனும் பாலே பயின்று வெளிநாட்டு மேடைவரை போனதை வைத்து 2020இல் ‘யே பாலே’ என்ற படமே வந்தது. எந்த ஊர்ப் பிள்ளைக்கு எந்தக் கலை என்று நாம் கோடு போட முடியாது. நம் பிள்ளை ஆசைப்பட்டால் ஆசைப்படட்டும். அவளுக்கு நாம் முதலில் தர வேண்டியது ஷூ அல்ல, இரண்டு மூன்று ஆண்டு பொறுமையும் ஒழுங்கான பயிற்சியும் நல்ல தரையும். பாலே கடைசியில் அவளுக்குக் கிடைக்காமலேயே போனாலும், அப்படி வளர்ந்த கால் அடவுக்கு உதவும், ஓட்டத்துக்கு உதவும், அறுபது வயதில் மாடிப்படி ஏறவும் உதவும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெற்றோர் வற்புறுத்தினார்கள் என்பதற்காக எந்தப் பிள்ளையையும் நுனிக்காலில் நிறுத்தாதீர்கள். இன்னும் ஆகவில்லை என்று சொல்லும் உரிமை உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையது. பெற்றோருக்கு ஒன்று. ஆண்டுவிழாத் தேதியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பிள்ளையின் காலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இங்கே காட்டிய ஐந்து சோதனைகளையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்து பார்த்து நோட்டில் எழுதி வையுங்கள். ஐந்திலும் தேறி, வயதும் பன்னிரண்டைத் தாண்டி, பாலே தெரிந்த ஆசிரியரிடம் நான்காம் ஆண்டுப் பயிற்சிக்கும் வந்துவிட்டால், அன்றைக்கு வாங்கிக் கொடுங்கள். அதற்கு முந்தின நாள்கூட வேண்டாம்.